குளிருக்குத் தோல் வறண்டால் வீட்டில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் குளிரே இல்லையே. இங்கே இருப்பவர்களுக்கு இது எதற்கு?

மார்கழி, தை மாதங்களில் கொழும்பின் இரவு வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். அதைக் குளிர் என்று சொல்வது கடினம்தான். ஆனால் அந்த மாதங்களில் தரைக்காற்று வீசுவதால் வழக்கமான புழுக்கம் குறையும். அதோடு நாள் முழுவதும் ஏசி அறையில் இருப்பவர்களின் கை, கால், உதடுகளில் வறட்சி முதலில் தெரியும். பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா, பண்டாரவளை போகிறவர்களும், லண்டனிலோ டொராண்டோவிலோ உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உண்டு. கீழே உள்ள பதில்கள் இவர்கள் எல்லோருக்குமானவை. இடத்துக்கு இடம் அளவு மாறினால் அதையும் சொல்லியிருக்கிறோம்.

குளிரில் தோல் ஏன் வறள்கிறது?

குளிர்ந்த காற்றில் நீராவி தங்காது. 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 பாகையில் தாங்குவது 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் 22 பாகைக்குச் சூடேறினால், அதன் ஈரப்பதம் 25 வீதம் அளவுக்கு விழுந்துவிடும். அப்போது தோலிலிருந்து நீர் வேகமாக வெளியேறுகிறது.

தோலின் மேற்படையில் இறந்த கலங்களுக்கிடையே செராமைடு, கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் சேர்ந்த ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே உள்ள நீரை அடைத்து வைப்பது அதுதான். சுடுநீரும் காரமான சவர்க்காரமும் அதைக் கரைத்து எடுத்துவிடும். குளிர்காலத்தில் சுடுநீர்க் குளிப்பு கூடுவதால் இரண்டு பக்கமும் இழப்பு. ஏசி அறை வெளிநாட்டுக் குளிர்காலம் அளவுக்கு வறண்டதல்ல. ஆனாலும் குளிர்காற்று நேரே முகத்தில் படும் இருக்கையில் எட்டு மணித்தியாலம் இருந்தால் தோல் இறுகும். இருக்கையை மாற்ற முடிந்தால் அதுவே முதல் மருந்து.

நாள்தோறும் எண்ணெய் பூசியும் வறட்சி போகவில்லை. ஏன்?

பெரும்பாலும் பூசும் வரிசையில்தான் பிழை. எண்ணெய் தோலுக்கு நீர் கொடுப்பதில்லை, இருக்கும் நீர் வெளியேறாமல் தடுக்கத்தான் அதனால் முடியும். வறண்ட தோலில் எண்ணெய் பூசினால் மேலே மினுக்கம் தெரியும், உள்ளே இறுக்கம் அப்படியே இருக்கும்.

இளஞ்சூட்டு நீரில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ களிம்போ பூசிவிடுங்கள். வளர்ந்த ஒருவரின் கை கால்களுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஈரத்தோலில் அது இலகுவாகப் பரவும். பகலில் மறுபடி பூசுவதென்றால் முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட இந்த ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும்.

எந்த எண்ணெய் நல்லது?

உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல தெரிவு. வறண்ட தோலிலும் எக்சிமா (தோல் சிவந்து சொறியும் நோய்) உள்ள தோலிலும் அது உதவுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செக்கில் ஆட்டியதோ, தேங்காய்ப்பாலிலிருந்து எடுத்த வேர்ஜின் எண்ணெயோ, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் அது வேண்டாம், துவாரங்களை அடைக்கும்.

சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் அதிகம், தோலின் கொழுப்புப் பூச்சைக் கெடுக்காது. முகத்துக்கும் எளிதில் சிவக்கும் தோலுக்கும் இதையே முதலில் சொல்வோம். ஆனால் போத்தலில் "ஹை ஒலெயிக்" என்று போட்டிருந்தால் அது வேறு வகை, இந்தப் பயனுக்கு வாங்க வேண்டாம். நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எள் ஒவ்வாத வீடுகளில் தொடக்கூடாது.

ஒலிவ் எண்ணெயை எல்லோரும் உயர்வாக நினைக்கிறார்கள். அதிலுள்ள ஒலெயிக் அமிலம் தோலின் தடுப்பைத் தளர்த்துகிறது என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வறண்ட தோலுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது. கடுகெண்ணெய் எரிவைத் தரும், அதையும் விடுங்கள்.

நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பிலும் ஏசி அறையில் வைத்த போத்தலில் இதைக் காணலாம். போத்தலைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகும். அடுப்பில் வைக்க வேண்டாம். குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் வாய் அகன்ற போத்தலில் கொண்டுபோனால் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் உருக்கிப் பூசலாம். கெட்ட எண்ணெயை மணம் காட்டிக்கொடுக்கும்: சிக்குப் பிடித்த மணமும் கசப்பும் வரும்.

வீட்டில் களிம்பு செய்வது எப்படி? சரியான அளவு வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ளது இதுதான். இதில் நீர் இல்லாததால் கிருமி வளர இடமில்லை, பதப்படுத்தும் பொருளும் தேவையில்லை.

கொழும்பில் பாவிக்க: தேன்மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 50 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 30 கிராம். நுவரெலியாவுக்கோ வெளிநாட்டுக்கோ என்றால் தேன்மெழுகு 15, தேங்காய் எண்ணெய் 25, சூரியகாந்தி எண்ணெய் 60. குளிரில் தேங்காய் எண்ணெய் தானே உறைவதால் அதையும் மெழுகையும் குறைக்கிறோம். கொழும்பு அளவை அப்படியே கொண்டுபோனால் அங்கே மெழுகுதிரி போல இறுகி, விரலில் ஏறாது. கரண்டிக் கணக்கில் செய்யாமல் தராசில் நிறுத்துச் செய்யுங்கள். துருவிய மெழுகும் கட்டி மெழுகும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

கண்ணாடிப் போத்தல்களையும் கரண்டியையும் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவிடுங்கள். தகர டப்பா என்றால் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். ஒரு சட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு நீர் வைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, அதன்மேல் உலர்ந்த எவர்சில்வர் கோப்பையை வையுங்கள். மெழுகையும் சூரியகாந்தி எண்ணெயையும் முதலில் போடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும், நீர் கொதிக்கவே தேவையில்லை. நேரடித் தீயில் ஒருபோதும் உருக்க வேண்டாம், மெழுகு தீப்பற்றும். மெழுகு முழுதும் கரைந்ததும் தீயை அணைத்து, தேங்காய் எண்ணெயைச் சேர்த்துக் கலக்குங்கள்.

ஊற்றுமுன் ஒரு பரிசோதனை. பிரிட்ஜில் வைத்த கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு துளி விட்டு, அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். வழுக்கி ஓடினால் 2 கிராம் மெழுகு சேருங்கள், நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தால் 5 கிராம் எண்ணெய் சேருங்கள். பிறகு டப்பாக்களில் ஊற்றி, மூடாமல் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்த நீர் களிம்பில் விழும். 100 கிராமுக்கு 30 மில்லி டப்பா மூன்று நிரம்பி, சிறிது மிஞ்சும். வெயில் படாத அலுமாரியில் வைத்தால் ஆறு மாதம் இருக்கும். பாவிப்பது உலர்ந்த விரலாலோ சிறு கரண்டியாலோ இருக்க வேண்டும்.

தேன்மெழுகு எங்கே கிடைக்கும்? சாதாரண மெழுகுதிரியைப் போடலாமா?

புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கையில் உள்ள நாட்டுமருந்துக் கடைகளிலும், தேன் விற்பவர்களிடமும் கேளுங்கள். தூசியோடு கிடைத்தால் நீரில் போட்டு உருக்கி, பழைய பருத்தித் துணியால் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாக உறையும். அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டி, ஒரு நாள் முழுதும் உலர்த்திய பின்பே பாவியுங்கள். மெழுகுதிரியைப் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது பெற்றோலிய எண்ணெயிலிருந்து வரும் பரபின், அதில் நிறமும் வாசனையும் கலந்திருக்கலாம். தோலுக்கான பரபின் வேண்டுமென்றால் பாமசியில் வெள்ளைப் பரபின் களிம்பு மலிவாகவே கிடைக்கும்.

களிம்பு மணல்மணலாக வந்துவிட்டது. இன்னொரு முறை பூஞ்சணம் பிடித்தது. என்ன பிழை?

மணல்போல் வருவது கொக்கோ வெண்ணெய், ஷியா வெண்ணெய் சேர்த்தவற்றில்தான் அதிகம். மெதுவாக ஆறும்போது அவற்றின் கொழுப்பு தனித்தனிப் பரலாக உறைகிறது. மறுபடி உருக்கி, கலக்கிக்கொண்டே சற்று ஆறவிட்டு, ஊற்றியதும் 20 நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். தோலுக்கு அதனால் கேடில்லை.

பூஞ்சணம் வந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது: ஈரப் போத்தல், ஆவியின் துளி, நனைந்த விரல், அல்லது தேன், கற்றாழை, ரோஸ் வோட்டர் போன்ற எதையாவது சேர்த்திருப்பீர்கள். மேலே சுரண்டிவிட்டு மிச்சத்தைப் பாவிக்க வேண்டாம், முழுவதையும் எறியுங்கள். வைட்டமின் ஈ கப்சியூல் போட்டால் கெடாது என்பதும் பிழை. அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும், பூஞ்சணத்தைத் தடுக்காது.

கடையில் விற்கும் லோஷன்போல வெள்ளையாக, நீரோடு செய்ய முடியாதா?

எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்க ஒரு கலப்பியும், கெடாமலிருக்க ஒரு பதப்படுத்தியும் வேண்டும். 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் கேலன் மெழுகு, ஒலிவ் எண்ணெய், ரோஜா நீர் சேர்த்துச் செய்த களிம்பும் நிலையாக நிற்காமல் பிரிந்துவிடும். பின்னாளில் அதைக் கட்டிப்போட வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்தார்கள். வீட்டில் வெங்காரம் பாவிக்க வேண்டாம். பதப்படுத்தாத லோஷன், கொழும்பின் சூட்டில், கண்ணுக்குத் தெரியாமலே கிருமி நிறைந்துவிடும். லோஷன் வேண்டுமென்றால் வாசனை இல்லாத ஒன்றைப் பாமசியில் வாங்குங்கள். அதில் தோல்வி ஒன்றுமில்லை.

கிளிசரின் பூசினால் இன்னும் இறுகுகிறது. ஏன்?

நேரடியாகப் பூசியிருப்பீர்கள். கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும் பொருள். நீர்த்துப்போகாத கிளிசரின் வறண்ட காற்றில் ஒட்டும், சிலருக்கு எரியும். பாமசியில் வாங்கிய கிளிசரின் 20 மில்லி, கொதித்து ஆறிய நீர் 80 மில்லி கலந்து, சுத்தமான போத்தலில் பிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஈரத் தோலில் இதைத் தடவி, அதன்மேல் எண்ணெயோ களிம்போ பூசினால்தான் பயன். ரோஸ் வோட்டர் சேர்ப்பதென்றால் சர்பத்துக்கான எசன்ஸ் அல்ல என்று பார்த்து வாங்குங்கள்.

கற்றாழை?

மடலை வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்க 20 நிமிடம் நிறுத்துங்கள். வடியும் மஞ்சள் பால் சொறிச்சலைத் தருவது. பிறகு தோலைச் சீவி, உள்ளே உள்ள தெளிந்த கூழைக் கழுவி எடுங்கள். பிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். கற்றாழை காய்ந்ததும் தோல் இழுக்கும், ஆகவே மேலே எண்ணெய் கட்டாயம்.

சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பயத்தம்மா பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் நாள்தோறும் உடம்பு முழுவதும் வேண்டாம். தோலின் இயல்பான காரகாடித்தன்மை (pH) 5 அளவில் இருக்கும். கட்டிச் சவர்க்காரம் 9 முதல் 10 வரை. பயத்தம்மாவுக்கு அந்தக் காரம் இல்லை என்பது நல்லது, ஆனால் அது எண்ணெயை உறிஞ்சும். வறண்ட தோலுக்குப் பயத்தம்மா 2 மேசைக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் 2 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் அரைத் தேக்கரண்டி சேர்த்து இளகிய பசையாக்கி, உடனே பூசிக் கழுவிவிடுங்கள். காயவிட்டுத் தேய்த்தால் பயனுக்குப் பதில் கீறல்தான். மா நைசாக இருக்க வேண்டும்: மெல்லிய துணியில் அரித்து எடுங்கள்.

சவர்க்காரம் அக்குள், கவட்டு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். கை கால்களுக்கு நீரே போதுமானது. எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்து முழுகும் வழக்கம் உள்ளவர்கள், தலையில் அரப்பு வைக்கும்போது அது முதுகிலும் நெற்றியிலும் வடிந்து தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் செதில் உதிர்ந்தால் அது வறட்சி என்று எண்ணி எண்ணெய் ஊற்ற வேண்டாம். பொடுகு என்றால் எண்ணெய் அதைக் கூட்டும்.

சொறிச்சலுக்கு ஓட்ஸ் உதவுமா?

உதவும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோல் காக்கும் பொருளாக 2003இல் ஏற்றுக்கொண்டது. சீனியோ வாசனையோ சேராத ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, ஒரு மேசைக்கரண்டியை ஒரு கிளாஸ் வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். நீர் பால்போல் கலங்கி, அடியில் குருணை தங்காவிட்டால் பதம் சரி. இங்கே குளியல் தொட்டி உள்ள வீடுகள் குறைவு, ஆகவே நான்கு மேசைக்கரண்டியை ஐந்து லீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைத்து, குளித்து முடிந்தபின் மெதுவாக ஊற்றி, கழுவாமல் ஒற்றி எடுங்கள். தரை வழுக்கும், வயதானவர்கள் ஸ்டூலில் அமர்ந்து செய்யட்டும்.

தேசிக்காய், மஞ்சள், முல்தானி மட்டி, அப்பச்சோடா?

குளிர்காலத்துக்கு இவற்றில் ஒன்றுமே உகந்ததல்ல. தேசிச்சாறு அதிகம் புளிப்பானது. அதோடு தேசியிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைக் கொப்பளமாக்கி மாதக்கணக்கில் கருமை விடும். அப்பச்சோடா காரம். முல்தானி மட்டியும் சந்தனமும் எண்ணெயை உறிஞ்சி இன்னும் வறளச் செய்யும். கறிக்கான மஞ்சள் தூளைப் பூச வேண்டாம், அதில் கலப்படம் இருந்தால் தோல்தான் முதலில் படும். கறுவாப் பட்டை எண்ணெய், கறுவா இலை எண்ணெய், சித்திரனெல்லா எண்ணெய் எல்லாம் நம் நாட்டுப் பொருள்தான், ஆனால் வெடித்த தோலில் கடுமையாக எரிக்கும்.

உதடு வெடிக்கிறது. தேன் பூசலாமா?

வளர்ந்தவர்களுக்குப் பூசலாம், ஆனால் தேன் இருந்தால் நக்கத் தோன்றும், நக்குவதுதான் வெடிப்புக்கு முதற்காரணம். உமிழ்நீர் காயும்போது உதட்டின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன களிம்பில் மெழுகை 25 கிராமாக உயர்த்திச் செய்து, படுக்கப்போகும்போதும், சாப்பிட்டுக் கழுவியதும் பூசுங்கள். புதினா, கற்பூரம், கறுவா மணம் சேர்த்த உதட்டுப் பூச்சுகள் குளிர்வதுபோல் தோன்றி எரிவை வளர்க்கும். கடைவாயில் மட்டும் விடாமல் வெடித்தால் அது பூஞ்சைத் தொற்றாகவோ சத்துக்குறைவாகவோ இருக்கலாம்.

குதிக்கால் வெடிப்புக்கு?

இரவில் 15 நிமிடம் இளஞ்சூட்டு நீரில் பாதத்தை ஊறவைத்து, பீர்க்கங்காய் நாராலோ நுரைக்கல்லாலோ ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். துடைத்து, ஈரம் முழுதும் போகுமுன் களிம்பைத் தடிப்பாகப் பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். பத்து நாளில் விளிம்பு இளகும். தடிப்புக் கூடியிருந்தால் பாமசியில் 10 வீத யூரியா கிறீம் வாங்கிப் பூசுவது வீட்டு மருந்தைவிட வேகமாக வேலை செய்யும். பிளேட்டால் வெட்ட வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் ஊறவைப்பதையும் தேய்ப்பதையும் தாங்களாகச் செய்யக்கூடாது. காலில் உணர்வு குறைந்திருந்தால் சூடும் காயமும் தெரியாமல் போகும். வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழந்தைகளுக்கு எதைப் பூசலாம்?

மணமில்லாத வெள்ளைப் பரபின் அல்லது சூரியகாந்தி எண்ணெய், அவ்வளவுதான். ஒரு வயதுக்குள் தேன் வாயருகே போகக்கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். கற்பூரம், மெந்தோல் கலந்தவற்றைச் சிறுவர்களுக்குப் பூச வேண்டாம். எக்சிமாவால் வெடித்த தோலில் கச்சான் எண்ணெய், பாதாம், பால் போன்ற உணவுப்பொருள்களைப் பூசினால், தோல் வழியாகவே அந்த உணவுக்கு ஒவ்வாமை உருவாகலாம். மேலே சொன்ன ஓட்ஸும் பயத்தம்மாவும்கூட அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நுவரெலியாவில் வெயில் சுடவில்லையே, சன்ஸ்கிரீன் தேவையா?

தேவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். காற்று குளிர்வதால் சுடுவது தெரியாது, மாலையில்தான் முகம் சிவந்திருப்பது தெரியும். சன்ஸ்கிரீனை வீட்டில் செய்ய முடியாது. துத்தநாகத் தூளை எண்ணெயில் கலக்கினால் திட்டுத்திட்டாகப் படியும், எங்கே காப்பு இல்லை என்பது தெரியாது. தேங்காய் எண்ணெயை நம்பியும் வெயிலில் நிற்க வேண்டாம்.

பயணத்தில் களிம்பை விமானத்துள் எடுத்துப் போகலாமா?

கைப்பையில் என்றால் களிம்பும் கிளிசரினும் திரவக் கணக்கில்தான் சேரும், பொதுவாக ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். போன இடத்திலும் வீட்டிலும் இன்னொன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் ஊறிய காலுறையும் தலையணை உறையும் எளிதில் தீப்பற்றும். ஹீட்டர், அடுப்பு, குத்துவிளக்கு அருகே கவனம்.

ஒத்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். இரண்டு நாள் கண்டு முடிவெடுத்தால் மெதுவாக வரும் ஒவ்வாமை தவறிப்போகும். சிவந்தாலோ கடித்தாலோ கழுவி விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாத வறட்சி, இரவில் நித்திரையைக் கெடுக்கும் சொறிச்சல், நீர் வடியும் புண், வட்டமாகப் படரும் செதில் என்பவற்றுக்கு வீட்டு மருந்து போதாது. தைரோயிட் குறைபாடும் சிறுநீரக நோயும் தோலை வறளச் செய்யும். வெள்ளையாக்கும் கிறீம்களை நீண்டநாள் பூசியவர்களின் தோல் மெலிந்து எரியும். அவற்றில் ஸ்டெரொயிட்டோ பாதரசமோ இருந்திருக்கலாம், ஆகவே பாவித்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பிள்ளைகளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம்.